ஒரே விலாசத்தில் இரண்டு பேர்

இன்று காலை வேலைக்கு வந்து ஹெட்செட்டை எடுத்துக் காதில் மாட்டியதும் யூக்கலிப்டஸ் தைலம் மணத்தது. புதிதாகச் சேர்ந்த யாரோ ஒரு பிள்ளை துடைத்து வைத்திருக்கிறாள். இந்த அலுவலகத்தில் ஆளுக்கொரு ஹெட்செட் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஒருத்தி எழும்ப மற்றவள் உட்கார வேண்டும். முன்னவளின் வியர்வை காய்வதற்குள் அதையே காதில் போட வேண்டும். நீதான் ஊரிலிருந்து ஒரு குட்டிப் போத்தலில் தைலம் கொண்டுவந்து, பஞ்சில் ஒரு சொட்டு விட்டுத் துடைக்கத் தொடங்கினாய். "மத்தவங்க காது ஊத்தய நான் ஏன்டி சொமக்கணும்?" என்றாய். கம்பெனிப் பொருளில் கண்டதையும் பூசக் கூடாது என்று மேற்பார்வையாளர் சத்தம் போட்டார். அவர் அந்தப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்து மறுபடி பூசினாய்.

மணம் ஏறியதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதில் கொஞ்சம் உன் மேலும். செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறார். கொச்சிக்கடைக் கோயிலில் உனக்காக மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து சொல்கிறார். நான் ஏற்றவில்லை. இதை எழுதுகிறேன்.

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் இந்த இணையக் கம்பெனியின் தமிழ் உதவித் தொலைபேசியில் நாம் இருவரும் ஒரே கிழமை சேர்ந்தோம். நான் கொட்டாஞ்சேனை, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள். நீ ஹட்டன் பக்கம், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவரின் மகள். முதல் நாளே என் பெயரைக் கேட்காமல் ஊரைக் கேட்டாய். அதற்குப் பிறகு என்னைக் கடைசிவரை "கொட்டாஞ்சேன" என்றே கூப்பிட்டாய். நான் "ஓம்" என்றால் நீ "ஆமா" என்பாய். நான் "எண்டு" என்றால் நீ "ன்னு" என்பாய். ஒரே மொழியை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சாப்பிடுகிறோம் என்று கன்டீனில் சிரித்திருக்கிறோம்.

வெள்ளவத்தையிலிருந்து, ஓய்வுபெற்ற ஒரு ஐயா உனக்கு எடுத்த அழைப்பை நான் மறக்கவில்லை. அவருடைய கணினித் திரையில் ஏதோ ஒரு விளம்பரம் மேலெழும்பி, 'உங்கள் ஐபி முகவரி எங்களுக்குத் தெரியும்' என்று சிவப்பு எழுத்தில் பயமுறுத்தியிருக்கிறது.

"பிள்ளை, அவன் என்ர விலாசம் தனக்குத் தெரியுமெண்டு எழுதியிருக்கிறான். வீட்டுக்கு வருவானோ?"

"வரமாட்டான் ஐயா. அந்த நம்பர வச்சி கொழும்பு, இன்ன கம்பெனி லைன், அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அது உங்க லைனோட விலாசம் ஐயா, உங்களோடது இல்ல."

"லைனுக்கு ஏன் பிள்ளை விலாசம்?"

"நீங்க ஒரு பக்கத்தத் தொறந்தா அது உங்களுக்குத் திரும்பி வரணுமில்ல? எங்க வரணும்னு ஒரு நம்பர் வேணும். எங்க தோட்டத்துல கடுதாசியெல்லாம் ஆபீசுக்குத்தான் வரும் ஐயா. வெளிய இருக்கவங்களுக்குத் தோட்டத்தோட பேரு மட்டுந்தான் தெரியும். எந்த லயம், எந்தக் காம்பரான்னு உள்ள இருக்க கிளாக்கரய்யாவுக்குத்தான் தெரியும். உங்க வீட்டு ரவுட்டர்தான் அந்தக் கிளாக்கரய்யா."

பிறகு அவர் கேட்டார்: "நீர் தோட்டத்துப் பிள்ளையோ?"

"ஆமாங்க ஐயா."

"அங்க வேற ஆரும் இருக்கினமோ கதைக்க?"

நீ எழும்பி, ஹெட்செட்டோடு அழைப்பை என்னிடம் தந்தாய். நீ சொன்னதையே நான் திரும்பச் சொன்னேன். கிளாக்கரையும் லயத்தையும் மட்டும் விட்டுவிட்டேன். "இப்பதான் வடிவா விளங்குது பிள்ளை" என்றார் அவர். நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் எறிந்தபோது நீ சிரித்தாய். "ஒடைக்காதடி, அது நம்ம ரெண்டு பேருக்கும் ஒன்னுதான்."

நீ சொன்னது எவ்வளவு சரி என்பதை இங்கே நாள்தோறும் பார்க்கிறேன். வீட்டில் உள்ள ஒவ்வொரு கைபேசிக்கும் ரவுட்டர் ஒரு சின்ன இலக்கம் கொடுக்கிறது. அந்த இலக்கத்துக்கு அந்த வீட்டு வாசல் வரைதான் மதிப்பு. வாசலைத் தாண்டினால் எல்லாரும் ஒரே இலக்கம். வெளி இலக்கங்கள் போதாததால் பல வீடுகளை ஒரே இலக்கத்தின் கீழ் அனுப்பும் கம்பெனிகளும் உண்டு. பல இணைப்புகளில் ரவுட்டரை நிறுத்திப் போட்டால் அந்த இலக்கமும் மாறிவிடும். எந்த நேரத்தில் எந்த இணைப்பு என்று கம்பெனி தன் பதிவைப் பார்த்துச் சொல்லலாம். அந்த இணைப்பின் முனையில் இருந்தது யாருடைய கை என்று எந்தக் கம்பெனியாலும் சொல்ல முடியாது. இவ்வளவுதான் விஷயம். ஆனால் உலகம் முழுவதும் இந்த இலக்கத்தை வைத்துத்தான் ஆளை எடை போடுகிறார்கள்.

ஒருமுறை நீ விடுமுறைக்கு ஊருக்குப் போய், லய வரிசையில் உங்கள் ஒற்றையறைக் காம்பராவில் இருந்துகொண்டு, நீ எங்கே இருக்கிறாய் என்று இணையத்தில் கேட்டுப் பார்த்தாய். கொழும்பு என்று வந்தது. அப்போதே எனக்குப் போன் எடுத்தாய். "ஐபியக் கேட்டா நான் கொழும்புக்காரி, அடையாள அட்ட ஐசியக் கேட்டா தோட்டக்காரி. அம்மாவோட போன்லயும் பாத்தேன், அதுவும் கொழும்புதான். அம்மா கொழும்பப் பாத்ததே இல்லடி, நான் உக்கார வச்ச எடத்துலயே கூட்டிட்டு வந்துட்டேன்." பின்னால் உன் அம்மா எதற்கென்று தெரியாமலே சிரிக்கிற சத்தம் கேட்டது.

தோட்டத்து ஆபீசைப் பற்றி நீ இன்னொன்றும் சொன்னாய். உயர்தரம் முடித்த பிறகு உனக்கு ஒரு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. அது ஆபீசில் கிடந்து, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் கையளிக்கப்பட்டபோது தேர்வு நடந்து முடிந்திருந்தது. அதைச் சொல்லும்போதுகூட உன் குரலில் கோபம் இல்லை. "கிளாக்கரய்யாவும் வேணும்னு செய்யல. அவருக்கு நாங்க எல்லாம் ஒரே பேருதான்." எனக்குக் கோபம் வந்தது. பாட்டன் காலத்திலிருந்து ஒரே லயத்தில் வாழ்கிற மனிதர்களுக்கு ஒரு கதவிலக்கம் போட இந்த நாட்டுக்கு இன்னும் நேரம் வரவில்லை. தேர்தல் வந்தால் மட்டும் லயம் லயமாக, காம்பரா காம்பராவாகக் கண்டுபிடித்து வருகிறார்கள்.

நீ தங்கியிருந்த வெள்ளவத்தைப் போடிங் மட்டும் என்ன? கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில் ஒரு பழைய மாடி வீடு. கீழே அன்ரி, மேலே ஒரே அறையில் பிள்ளைகள். வாடகைக்கு இருக்கிறீர்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பதுதான் அங்கே முதல் சட்டம். "ஆரும் கேட்டா சொந்தக்காரப் பிள்ளையள் எண்டு சொல்லுங்கோ" என்று அன்ரி சொல்லி வைத்திருந்தார். மாநகர சபைக்காரர், பொலிஸ்காரர், வரிக்காரர், யாராக இருந்தாலும் ஒரே பதில். "எனக்கும் யாழ்ப்பாணத்துல சொந்தம் கெடச்சிருச்சி, கொட்டாஞ்சேன" என்று நீ பகிடி விட்டாய். ரவுட்டர் அன்ரியின் ஹோலில் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருந்தது. பில் அன்ரியின் பெயரில். அதற்கென்று மாதாமாதம் பிள்ளைகளிடம் தனியாக வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்துதான் நீ அந்த வேலைக்கு விண்ணப்பித்தாய். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று. தமிழ்க் குரல் பதிவுகளைக் கேட்டு, எழுத்து சரியா என்று பார்க்க வேண்டும். வீட்டில் இருந்தபடி செய்யலாம். ஷிப்ட் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை. இங்கே கிடைப்பதைவிடச் சம்பளம் அதிகம். நீ பாமன்கடையில் ஒரு அனெக்ஸ்கூடப் பார்த்து வைத்திருந்தாய். என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாய். ஓர் அறை, ஒரு குசினி, தனி வாசல். வாசலில் நின்று, ஒயர் எந்தப் பக்கத்தால் உள்ளே வரும் என்று சுவரைத் தடவிப் பார்த்தாய்.

"இந்த வேல கெடச்சதும் என் பேர்ல ஒரு லைன் எடுப்பேன். பில்லுல என் பேரு, அதுக்குக் கீழ நம்பர், ரோட்டு, எல்லாம் ஒழுங்கா இருக்கணும். அதக் கொண்டுபோய் அம்மாகிட்ட காட்டணும்."

"அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதே."

"தடவிப் பாக்கட்டும்."

தேர்வு எழுத அரை நாள் விடுமுறை எடுத்தாய். மத்தியானம் நீ எனக்கு எடுத்தபோது உன் குரலே வேறாக இருந்தது. இரண்டு கேள்விக்குப் பதில் எழுதியதும் திரை நின்றுவிட்டதாம். இதே இணைய முகவரியிலிருந்து இன்னொருவர் ஏற்கெனவே இந்தத் தேர்வை எழுதியிருக்கிறார், ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதுவதாகச் சந்தேகம், கணக்கு நிறுத்திவைக்கப்படுகிறது.

வேலை முடிந்து நேரே வெள்ளவத்தைக்கு வந்தேன். நீ கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்துக் கட்டிலில் தர்ஷிகா, வவுனியாப் பிள்ளை, உன்னைவிட இளையவள், கணக்கியல் படித்துக்கொண்டிருந்தவள், தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதக்கா. நீங்களும் எழுதுறீங்கள் எண்டு தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பன்."

"நீ எப்ப எழுதினனி?" என்று நான் கேட்டேன்.

"போன கிழமை. ஆரிட்டையும் சொல்லேல்லை. கிடைக்காட்டி வெக்கம் எண்டு..."

"கெடச்சிருச்சா?" என்றாய் நீ.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நீ எழும்பிப் போய் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாய். "லூசு. கெடச்சதுக்கு அழுவுறா பாரு. எனக்குச் சொல்லியிருந்தா எழுத முன்ன ரவுட்டர நிப்பாட்டிப் போட்டிருப்பேன்ல? நம்பர் மாறியிருக்கும்." இணைய இலக்கங்களைப் பற்றி ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்ன உனக்கு, பக்கத்துக் கட்டிலில் என்ன நடக்கிறது என்று தெரியாது. ஒரே அறையில் படுத்துக்கொண்டு, ஒரே வேலைக்கு, இருவரும் ஒருவருக்கு ஒருவர் மறைத்து விண்ணப்பித்திருக்கிறீர்கள். நம்மைப் போன்றவர்கள் இப்படித்தான் இருக்கிறோம். கிடைக்கும் முன் சொன்னால் கண்பட்டுவிடும், கிடைக்காவிட்டால் சிரிப்பார்கள்.

கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது. உங்கள் சொந்த இணைப்பிலிருந்து மீண்டும் ஒருமுறை எழுதலாம். சொந்த இணைப்புக்கு நீ எங்கே போவாய்? கொட்டாஞ்சேனைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தாய். அப்பா வானொலியை நிறுத்திவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், "பிள்ளை சோதினை எழுதுது, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க" என்று கேட்டுவிட்டு வந்தார். நீ கடைசிக் கேள்விவரை எழுதினாய். முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினாய். உன் கை ஈரமாக இருந்தது.

மறுநாள் பதில் வந்தது. இந்தக் கணக்கு பதிவு செய்யப்பட்ட இணைப்பு வேறு, தேர்வு எழுதப்பட்ட இணைப்பு வேறு, உங்களுக்காக வேறொருவர் எழுதியதாகச் சந்தேகம், கணக்கு மூடப்படுகிறது.

ஒரே இலக்கத்தில் இருந்தால் நீ இரண்டு பேர் போல நடிக்கும் ஒருத்தி. வேறு இலக்கத்துக்குப் போனால் ஒருத்தி போல நடிக்கும் இரண்டு பேர். எப்படிப் பார்த்தாலும் நீ நீயாக இல்லை. நான் அதை வாசித்துவிட்டுக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். நீ திட்டவில்லை. மேன்முறையீட்டுக்கு என்ன கேட்கிறார்கள் என்று கீழே வாசித்துக்கொண்டிருந்தாய். தங்கியிருக்கும் வீட்டின் விலாசத்துக்கு ஆதாரம். இணைப்பு பில், அல்லது வீட்டுக்காரரின் கடிதம். அதே இணைப்பைப் பாவித்த மற்றவரின் பெயர்.

அன்ரியிடம் நீ கேட்டபோது நானும் நின்றேன். அவர் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை உயர்த்தவில்லை.

"நான் ஒண்டும் எழுதித் தரேலாது பிள்ளை. நாளைக்கு ஒருத்தன் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, எத்தினை பேரை வைச்சிருக்கிறாய், வரி எங்க எண்டு கேட்பான்."

"அன்ரி, வெளிநாட்டுக் கம்பெனி. இங்க யாரும் வரமாட்டாங்க. நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு வரி போதும்."

"உம்மட ஐசியில விலாசம் இருக்குத்தானே. அதைக் குடுமன்."

"அது தோட்டத்து விலாசம் அன்ரி."

"பின்னை? அதுதானே உம்மட விலாசம்."

அந்த வீட்டில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை கொடுத்திருக்க மாட்டார், அவர் பயம் உண்மையான பயம்தான், பொலிஸ் தமிழர் வீடுகளைப் பதிய வந்த போர்க்காலத்தை அவர் பார்த்தவர். ஆனால் "அதுதானே உம்மட விலாசம்" என்ற அந்தக் குரலை அவர்களிடம் பாவித்திருக்க மாட்டார். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

மிஞ்சியிருந்தது தர்ஷிகாவின் பெயர். அதை எழுதியிருந்தால் இரண்டு வேறு ஆட்கள் என்று அவர்கள் சரிபார்த்திருக்கலாம். அவள் உன் காலைப் பிடிக்காத குறை. "என்ர பேரைப் போடாதேங்கோ அக்கா. அவங்கள் விசாரிக்கப் போறம் எண்டு எனக்கும் நிப்பாட்டினா? வீட்டை இதை நம்பித்தான் இருக்கினம்."

வெள்ளவத்தைக் கடற்கரையில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்லில் உட்கார்ந்து நாம் சண்டை பிடித்தோம்.

"அவள்ட பேரை எழுது" என்றேன். "அவள் உனக்குச் சொல்லாம எழுதினவள்தானே."

"நானுந்தான் அவளுக்குச் சொல்லாம எழுதினேன்."

"அப்ப விட்டுடுவியா? அனெக்ஸ் வேணாமா?"

"வேணும். ஒரு விலாசத்துல ஒருத்திதான் இருக்கணும்னு சட்டம் போட்டது அந்தக் கம்பெனி. அவன விட்டுட்டு நான் எதுக்குடி இவ கழுத்தப் புடிக்கணும்?"

"நல்லவளா இருந்து என்னத்தைக் கண்டாய்?"

"நல்லவ இல்லடி. பக்கத்துக் கட்டில்ல படுக்கிறவ. நாளைக்கு அவ மூஞ்சியப் பாக்கணும்."

ரயில் வந்தது. நம் சத்தம் அதில் மூழ்கியது. அது போனதும் எழும்பித் தண்டவாளத்தைக் கடந்தோம். நீ பெயர் இல்லாமல், ஆதாரம் இல்லாமல், எங்கள் போடிங்கில் பலர் ஓர் இணைப்பைப் பாவிக்கிறோம், இங்கே இது வழக்கம் என்று மட்டும் எழுதி அனுப்பினாய். உங்கள் கடிதம் கிடைத்தது என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அனெக்ஸுக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

பிறகு மழை தொடங்கியது. உனக்குக் காய்ச்சல். காய்ச்சலோடு வேலைக்கு வந்தாய். சான்றிதழ் இல்லாமல் லீவு இல்லை, சான்றிதழ் எடுக்கப் போக லீவு இல்லை. அழைப்புக்கு நடுவே உன் தலை மேசையில் விழுவதைப் பார்த்துவிட்டு நான் உன்னைத் திருப்பி அழைத்துப்போனேன். அறையில் சாமான்களை எடுக்கும்போது அன்ரி மாடிப்படியில் நின்றார்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, நல்லது. ஆனா இந்த விலாசத்தைக் குடுக்காதேங்கோ பிள்ளை. டெங்கு எண்டா பி.எச்.ஐ. வந்து பூச்சாடி, கூரைப் பீலி எல்லாம் கிண்டி, வழக்குப் போட்டுக் கோட்டுக்கு இழுப்பான்."

சுகாதாரப் பரிசோதகர் என்றால் அன்ரிக்கு அவ்வளவு பயம். நோயாளி எந்த விலாசத்தைச் சொல்கிறாரோ அந்த இடத்துக்குத்தான் டெங்கு பரப்பும் நுளம்பைத் தேடிப் போவார்கள். ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும் இடத்தில் விலாசம் கேட்டார்கள். நீ தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் சொன்னாய். நான் வாயைத் திறந்தேன். நீ என் கையை அழுத்தினாய்.

"விடு, கொட்டாஞ்சேன. திரும்பி வந்து படுக்க எனக்கு அந்தக் கட்டில் வேணும்."

நீ திரும்பி வரவில்லை. அதைப் பற்றி உனக்கு எழுத எனக்கு ஒன்றும் இல்லை. கடைசியாக நான் பார்த்தபோது பப்பாசி இலைச் சாறு கசக்கிறது என்று முகம் சுளித்தாய். அடுத்த நாள் உள்ளே விடவில்லை. அதற்கு அடுத்த நாள் நீ இல்லை.

உன்னை அடக்கம் செய்ய மலைக்கு வந்தேன். குளிர். பனிமூட்டத்தில் எதிரே வருபவரின் முகம் தெரியவில்லை. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேரு வந்தாங்கம்மா. எம் புள்ள பேரச் சொல்லி, வீடு எதுன்னு கேட்டுக் கேட்டு வந்துட்டாங்க. தண்ணிப் பீப்பாவையெல்லாம் கவுத்துப் பாத்தாங்க. டெங்குன்னாங்க. அப்பதான் எனக்குப் புள்ள ஆஸ்பத்திரியில இருக்கதே தெரியும்."

அம்மா பயந்துவிடுவார் என்று நீ என்னைச் சொல்ல விடவில்லை. உன் வாழ்நாளில் உன் பெயருக்கு வந்த ஒரு தகவல் ஆபீசில் தங்காமல், தாமதமாகாமல், நேராக உன் காம்பரா வாசலுக்கு வந்து சேர்ந்தது இதுதான். அதுவும் பிழையான இடத்துக்கு. டெங்கு நுளம்பு அரிதான அந்தக் குளிரில் உன் அம்மாவின் பீப்பாவைக் கவிழ்த்தார்கள். வெள்ளவத்தையில் பீலி நிறைய மழைத்தண்ணீர் அப்படியே நின்றது.

"அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்களுக்கு எம் புள்ள செத்தது தெரியுமா?" என்று உன் அம்மா கேட்டார். நீ அந்த வேலையைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

"தெரியாதும்மா" என்றேன். நீ இருந்ததே அவர்களுக்குத் தெரியாது என்பதை எப்படிச் சொல்வது?

கொழும்புக்குத் திரும்பிய பிறகு ஒரு பின்னேரம் தர்ஷிகா எடுத்தாள்.

"அக்கா, எனக்கும் காய்ச்சல் காயுது. கண்ணுக்குப் பின்னால குத்துது. அன்ரி சொல்லுறா வவுனியா விலாசத்தைக் குடுக்கட்டாம்."

"நீ இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போ. வெள்ளவத்தை விலாசத்தைச் சொல்லு."

"அன்ரி அறையை விட்டு எழுப்பினா எங்கக்கா போறது?"

"எங்கட வீட்டுக்கு வா."

அவள் ஆஸ்பத்திரியில் எதைச் சொன்னாளோ எனக்குத் தெரியாது. நான் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை சுகாதாரப் பணிமனைக்குப் போனேன். மேசையில் இருந்தவர் உன் பெயரைத் தேடி எடுத்தார். "லிபினய வத்தேனே, நங்கி" என்றார். விலாசம் தோட்டம்தானே, தங்கச்சி என்று. இல்லை, அது அவள் பிறந்த இடம், அவளை நுளம்பு கடித்த இடம் வேறு என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, உன் பெயருக்குக் கீழே இருந்த தோட்டத்தின் பெயரை வெட்டினார். இலக்கம், ஒழுங்கை, வெள்ளவத்தை என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார்.

அன்று மத்தியானமே போனார்கள். பூச்சாடித் தட்டிலும் அடைத்துக்கிடந்த கூரைப் பீலியிலும் நுளம்புப் புழு. அன்ரிக்கு வழக்கு. தர்ஷிகா பிழைத்தாள். அந்த வெளிநாட்டு வேலையையே இன்னும் செய்கிறாள், எங்கே இருந்து என்று நான் கேட்கவில்லை. நீ அவள் பெயரை எழுதாமல் விட்டது சரி என்று நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீ இருந்தால் அந்தக் கல்லில் உட்கார்ந்து மறுபடியும் சண்டை பிடிப்பேன்.

அன்று பின்னேரம் அன்ரி எனக்கு எடுத்தார். என்னுடைய இலக்கத்தை யாரிடம் வாங்கினாரோ.

"நீர் ஆர் பிள்ளை, எங்கட வீட்டு விலாசத்தைக் கொண்டுபோய்க் குடுக்க? நீர் இந்த வீட்டில இருந்தனீரோ?"

"நான் இருக்கேல்ல அன்ரி."

"அப்ப?"

"அவள் இருந்தவள்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி கத்திக்கொண்டிருந்தது. நான் இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னேன். உங்கட மேல் அறையில, ஜன்னல் பக்கக் கட்டில்ல, அவள் இருந்தவள். அவர் போனை வைத்த பிறகும் அது என் வாயில் இருந்தது. எனக்கு உன்னிடமிருந்து மிஞ்சியது அந்த வசனம்தான். யார் உன்னைப் பற்றிக் கேட்டாலும், கேட்காவிட்டாலும், அதைத்தான் முதலில் சொல்கிறேன்.